பிரித்த கவரும் பிரிக்காத கவரும்

அத்தியாயம் பதினான்கு

ஒரே பிரசவத்தில் பதினோரு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள் ஜஸ்டினும் ஷெரினும். அந்தப் பதினோரு நிமிடத்துக்குள் உலகம் அப்படி என்ன மாறிவிட்டதோ தெரியவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அண்ணன் பி.ஈ. படிக்கும் பாதையில் போனான், தங்கை ஐ.டி.ஐ.க்குப் போனாள். மதிப்பெண் அதிகம் வாங்கியவள் தங்கைதான். அவள் நானூற்று அறுபத்திரண்டு, அவன் முந்நூற்று எண்பத்தொன்பது. இதை ராயப்பன்பட்டியில் எல்லோரும் மறந்துவிட்டார்கள், பெற்றவள் செலினைத் தவிர.

போன வாரம் விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் குளிர்பதனக் கிடங்கு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்று, பன்னிரண்டு பேரைப் பயிற்சிக்கு எடுக்கிறது. மூன்றரை வருடம். வாரத்தில் சில நாள் வேலை, சில நாள் பள்ளிக்கூடம், முதல் மாதத்திலிருந்தே சம்பளம். நிபந்தனைதான் விசித்திரம். டிகிரி வாங்கியவர்கள் வரக்கூடாது. பியூன் வேலைக்கே பட்டதாரிகள் வரிசையில் நிற்கிற நம் ஊரில் இப்படி ஒரு நிபந்தனையைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். ஜஸ்டின் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக செல்போன் கடையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனெல்லாம் "என்ன இன்ஜினியரு" என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் அவன். டிகிரியை மறைத்து, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டதாக மனுப் போட்டுவிட்டான்.

ஷெரினுக்கு அது தெரியும். தெரிந்தும் மூன்று வாரம் தன் சொந்தக் கருவிப் பெட்டியைத் திறந்து, செம்புக் குழாய் வெட்டவும், முனை விரிக்கவும், சோப்பு நுரை தடவிக் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கவும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கூடப் பிறந்தவன் ஆயிற்றே.

மனுவோடு ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டும். அந்த ஊரில் கடிதம் என்றால் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியாரிடம்தான் போவார்கள். சாமியார் ஞானசிகாமணி ஆளுக்கொரு கடிதம் எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். ஜஸ்டின் அன்றைக்கே கொல்லைப்புறத்தில் வைத்துப் பிரித்துப் படித்துவிட்டு அடுப்பில் போட்டான். பிறகு பழைய பள்ளிக்கூடத்தில் வேறொரு கடிதம் வாங்கினான். ஷெரின் பிரிக்கவில்லை. சாமியார் ஒட்டிக் கொடுத்த கவரைப் பிரிக்கக் கூடாது என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய அப்பா பங்கிராஸ்.

இனி அந்தச் சனிக்கிழமை.

* * *

தேனியில் பெரியகுளம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தேர்வுக்காகப் பிடித்திருந்தார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் நின்றது. மணமக்கள் உட்காரும் மேடையில் மூன்று மேசைகள். சாப்பாட்டுக் கூடத்தில் செய்முறைத் தேர்வு.

ஜஸ்டினுக்கு ஒன்பதாம் டோக்கன். பத்து மணிக்கே குழாய் வெட்டி, முனை விரித்து, தேறியும் விட்டான். நீலச் சட்டை முதுகில் வியர்வையோடு ஒட்டியிருக்க, கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஷெரினுக்கு முப்பத்தொன்று. அவளுக்கு முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு.

மேசைக்குப் பின்னால் இருந்தவள் ஹேமாவதி. அல்லிநகரத்துக்காரி. ஆறு வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு வந்து இந்த ஆள் எடுக்கும் நிறுவனத்தில் சேர்ந்தவள்.

"ஐ.டி.ஐ. முடிச்சு என்ன பண்றீங்க?"

"கம்பத்துல கோல்ட் ஸ்டோரேஜ்ல மெக்கானிக், மேடம். அஞ்சு வருசமாச்சு."

"அங்க எத்தனை பொண்ணுங்க மெக்கானிக்கா இருக்காங்க?"

"நான் ஒருத்திதான்."

ஹேமாவதிக்கு அது பிடித்திருந்தது. புன்னகையோடு கவரைப் பிரித்துக் கடிதத்தைப் படித்தாள். புன்னகை பாதியில் நின்றது.

"இதை நீங்க படிச்சீங்களா?"

"இல்ல மேடம். ஒட்டிக் குடுத்தாக."

"'பங்கிராஸ் அவர்களின் மகளும் பொறியியல் பட்டதாரியுமான செல்வி ஷெரின்'னு எழுதியிருக்காரே உங்க சாமியார்."

ஷெரினுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நானா? நான் ஐ.டி.ஐ. மேடம். யாரோ மாத்திச் சொல்லியிருப்பாக."

"ஐ.டி.ஐ. முடிச்சு, அப்புறம் டிப்ளமோ, அப்புறம் பி.ஈ.ன்னு போனவங்களும் இருக்காங்க. போன தடவை நாலு பேரு டிகிரியை மறைச்சு வந்து சேர்ந்தாங்க. ஆறே மாசம். ஸ்பேனரை வச்சுட்டு ஆபீஸ் வேலை தேடிப் போயிட்டாங்க. கம்பெனி எங்களைத்தான் கேட்டுச்சு."

"மேடம், என் கையைப் பாருங்க."

இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் வைத்தாள். பித்தளை நட்டு திருகித் திருகிக் காய்த்த கைகள். ஹேமாவதி பார்த்தாள், பார்த்ததும் அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"கையை ஃபைல்ல வைக்க முடியாதே. உங்க சாமியார் எதைப் பாத்து இதை எழுதுனாரோ, அந்தப் பதிவேட்டைத் திருத்தி, அந்தப் பக்கத்தோட நகல்ல கையெழுத்தும் சீலும் போட்டு வாங்கிட்டு வாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு லிஸ்ட் போயிரும். அதுக்குள்ள வரணும்."

டிகிரி இருக்கிறது என்று நிரூபிக்க ஒரு காகிதம் போதும். இல்லை என்று நிரூபிக்க எந்த அலுவலகத்தில் காகிதம் கொடுக்கிறார்கள்? படிக்கக் கொடுத்துவைக்காத படிப்பை மறைத்தாள் என்று ஒரு பெண்ணைக் குற்றம் சாட்டினால், அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

மேடையிலிருந்து இறங்கும்போது ஷெரின் கதவோரத்தைப் பார்த்தாள். ஜஸ்டின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

* * *

வாசலில் டீக்கடை. இரண்டு டீ சொன்னது ஜஸ்டின். இரண்டுமே ஆறிக்கொண்டிருந்தன.

"நீ உன் கவரைப் பிரிச்சேல்ல," என்றாள் ஷெரின். "அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"பி.ஈ.ன்னு எழுதியிருந்தாரு. அதான் அடுப்புல போட்டேன். உனக்குத் தெரியும்ல."

"அவ்வளவுதானா?"

அவன் டீ டம்ளரைத் தள்ளி வைத்தான். இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லவும் ஒழுங்காக வராது. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

"ஜஸ்டின், உன்னையத்தான் கேக்குறேன்."

"'தன் தங்கையைப் போலவே பொறியியல் பட்டதாரி'ன்னு எழுதியிருந்தாரு."

அப்படியானால் அவனுக்கு முன்பே தெரியும். அவளுடைய கவருக்குள் என்ன இருக்கும் என்று மூன்று வாரமாகத் தெரியும். அந்த மூன்று வாரமும் அவளுடைய கருவிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "இது சரியா, ஷெரின்? இப்படியா, ஷெரின்?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ நேரா சாமிகிட்டப் போயிருப்ப. உனக்கு மறைக்கத் தெரியாது. அவரு திருத்துறேன்னு 'அண்ணன்தான் பி.ஈ., தங்கை ஐ.டி.ஐ.'ன்னு எழுதியிருந்தாருன்னா எனக்கு இந்த எடம் போயிருக்கும். இவுக அதைப் படிக்க மாட்டாக, சும்மா ஃபைல்ல வச்சுருவாகன்னு நெனச்சேன்." அவன் குரல் உடைந்தது. "எனக்கு வேற வழி இல்ல. உனக்குக் கையில தொழில் இருக்கு. நீ எங்கன போனாலும் பொழச்சுக்குவ."

ஷெரினுக்கு அந்த வாக்கியம் புதிதல்ல. எட்டு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா சொன்ன அதே வாக்கியம். அன்றைக்கு அவள் அழுதாள். இன்றைக்குக் கோபம்தான் வந்தது. டீக் காசை மேசையில் வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

* * *

பங்கிராஸ் திராட்சைத் தோட்டத்தில் கத்தரியால் கொடி நுனிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். அவர் போனைத் தோட்டத்துக்கு எடுத்துவருவதில்லை. பந்தலுக்கடியில் அண்ணாந்து நிற்கும்போது சட்டைப் பையிலிருந்து விழுந்துவிடுகிறதாம். அதனால் செலின் வெயிலில் ஒன்றரை மைல் நடந்து வரவேண்டியதாயிற்று. வந்த வேகத்துக்கு அவள் மூச்சு வாங்கியது. ஆனால் பேச்சு தெளிவாகத்தான் வந்தது.

"ஏங்க, கத்தரியைக் கீழ வைங்க."

"என்ன புள்ள? தேனியில இருந்து சேதி வந்துச்சா? ஜஸ்டினுக்குக் கெடச்சிருச்சா?"

"மொதக் கேள்வியே அதானா?" என்றாள் செலின். "உங்க மகனுக்குக் கெடச்சிருச்சு. மகளை வெளிய நிப்பாட்டிட்டாக. எட்டு வருசத்துக்கு முன்னால கோயில் பதிவேட்டுல ஒரு பொய்யச் சொல்லி வச்சீகள்ல, அது இன்னைக்குத் தேனி வரைக்கும் போயிருச்சு."

பங்கிராஸுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மறந்த பொய்யாக இருந்தால்தானே யோசிக்க வேண்டும்.

கதை இதுதான். ஷெரின் பத்தாம் வகுப்பில் ஊரில் முதல் மதிப்பெண் வாங்கியபோது, அப்போதிருந்த சாமியார் திருவிழாப் பூசையில் அவளைப் பீடத்துக்கு முன்னால் நிற்கவைத்து, பரிசு கொடுத்து, "இந்தப் பிள்ளை இன்ஜினியராகி நம்ம பங்குக்குப் பேர் வாங்கித் தரும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். ஊரே கை தட்டியது. அந்த வருடம் பழம் பறிக்கும் நேரத்தில் மழை. இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைக்கத் தெம்பில்லை. பங்கிராஸ் மகனை மேலே அனுப்பினார். வருடாவருடம் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கக் கோயிலிலிருந்து ஆள் வரும். ஷெரின் என்ன படிக்கிறாள் என்று கேட்டபோது, கை தட்டிய ஊருக்குப் பயந்து, "ரெண்டும் இன்ஜினியரிங்குக்குத்தான் படிக்குது" என்றார். மகள் தேனி ஐ.டி.ஐ. விடுதியில் இருந்தாள். யாருக்குத் தெரியும்? பிறகு அவள் கம்பத்துக்கு வேலைக்குப் போனபோதும் கம்பெனி இன்ஜினியர் என்றே சொல்லி, பதிவேட்டில் பி.ஈ. என்று எழுதவைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், எட்டு வருடம் மறைந்தும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த புதுச் சாமியார் பதிவேட்டை நம்பி எழுதிவிட்டார்.

"அந்தப் பக்கத்தோட நகலு வேணுமாம், திருத்தி," என்றாள் செலின். "நாலு மணிக்குள்ள."

பங்கிராஸ் கத்தரியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கத்தரி.

"அந்தப் பக்கத்துல நம்ம குடும்பமே இருக்கும் செலினு. ஜஸ்டின், பி.ஈ.ன்னும் இருக்கும்."

"இருக்கும்."

"அதைக் கொண்டுபோய்க் குடுத்தா அவனை நீக்கிருவாகளே."

"நீக்கிருவாக."

"ஷெரினுக்குக் கையில தொழில் இருக்கு. அவ எப்படியும் பொழச்சுக்குவா. அவன்தான்..."

"போதும்," என்றாள் செலின். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் புருசன் பேச்சை வெட்டியது அதுதான் முதல் தடவை. "பொழைக்கத் தெரிஞ்ச பிள்ளைன்னா அதுக்கு ஒண்ணுமே குடுக்கக் கூடாதுன்னு சட்டமா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்புன்னு வச்சுட்டீக. நானும் பேசாம இருந்தேன், அது என் பாவம். வெண்ணெய் வச்ச கண்ணுக்காச்சும் பார்வை வந்துச்சா? அந்தப் பையன் செல்போன் கடையில உக்காந்து செத்துக்கிட்டிருக்கான். அவனையும் நீங்க கேக்கல. மிஷினைப் பாத்தாலே ஓடுற பிள்ளையைக் கொண்டுபோய் மெக்கானிக்கல்ல சேத்தீக. மிஷினு மிஷினுன்னு கெடந்தவளை ஐ.டி.ஐ.க்கு அனுப்பிட்டு, அதை வெளிய சொல்ல வெக்கப்பட்டீக."

பந்தலில் வெட்டுப்பட்ட கொடி நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க போகலைன்னா நான் போயிச் சாமிகிட்டச் சொல்லுவேன்," என்றாள் செலின். "ஆனா பொய்யச் சொன்ன வாயி போனாத்தான் நல்லாருக்கும்."

* * *

சாமியார் ஞானசிகாமணி மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். வாசலில், தோட்டத்து மண் காலோடு பங்கிராஸ் நின்றார்.

"தோத்திரம், சாமி."

"வாங்க பங்கிராஸ். பிள்ளைக ரெண்டும் தேர்வுக்குப் போயிருக்காங்களாமே?"

அந்த 'ரெண்டும்' என்ற சொல்லைக் கேட்டதும் பங்கிராஸுக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயது ஆண், பங்கு இல்லத்து வராந்தாவில் நின்று அழுதார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "அவ பேரு இருக்கிற வரியை மட்டும் நகலெடுக்க முடியுமா, சாமி?" என்றும் கேட்டுப் பார்த்தார். அப்பனுடைய மனசு அப்படி.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். பாதிப் பக்கத்துக்கு நான் எப்படிச் சீல் போடுறது?" என்றார் சாமியார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பங்கிராஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பதிவேட்டை எடுத்துவந்து, 'ஷெரின், பி.ஈ.' என்ற இடத்தில் கோடு போட்டு 'ஐ.டி.ஐ.' என்று எழுதி, பக்கத்தில் பங்கிராஸைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நகலெடுத்து, சீல் வைத்து, கவரில் போட்டு ஒட்டினார்.

ஒன்றேகால் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பங்கிராஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினார்.

* * *

மண்டபத்தில் சாப்பாட்டு இடைவேளை. செலின் கட்டிக்கொடுத்த புளிச்சோறு பிரிக்கப்படாமல் ஷெரினின் மடியில் இருந்தது. அம்மா போனில், "அப்பா கிளம்பிட்டாக" என்று மட்டும் சொல்லியிருந்தாள். எதைக் கொண்டுவருகிறார் என்று சொல்லவில்லை.

ஹேமாவதி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததும் அவள் பேச்சும் மாறிவிட்டது.

"சாப்பிடும்மா. பசியோட போனா கை நடுங்கும்."

"உள்ள விடுவீகளா, மேடம்?"

"காகிதம் வந்தா விடுவேன்."

ஷெரின் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டாள். "அங்க மெக்கானிக்குன்னா எப்படிப் பாப்பாக?"

"நான் குடியிருந்த தெருவுல ஒரு பக்கம் பள்ளிக்கூட வாத்தியாரு, எதிர்வீட்டுல குழாய் வேலை பாக்குறவரு. ரெண்டு வீட்டு வாசல்லயும் ஒரே மாதிரி காரு நிக்கும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து சீட்டாடுவாங்க. நம்மூர்ல பைப்பு ஒடைஞ்சா ஓடிப்போய்க் கூப்பிடுவோம், வந்தவருக்குத் தனி டம்ளர்ல டீ குடுப்போம். அது அங்க இல்ல."

ஷெரினின் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஹேமாவதி அவசரமாகச் சொன்னாள். "சொர்க்கம்னு நெனச்சுராத. நான் இருந்த ஊர்ல பத்து வயசுலயே பிள்ளைகளைப் பிரிச்சுருவாங்க. இது மேல்படிப்புக்கு, இது தொழிலுக்குன்னு. எங்க கீழ்வீட்டுல ஒரு துருக்கிக் குடும்பம். அந்தப் பொண்ணு கணக்குல கெட்டிக்காரி. தொழில் பக்கம்தான் அனுப்புனாங்க. அடுத்த தெருவு டாக்டரு மகன் கணக்குல சுமாருதான், மேல்படிப்புக்குப் போனான்."

"யாரு மேடம் அனுப்புனது?"

"டீச்சர் எழுதிக் குடுத்தாங்க. அப்பா கையெழுத்துப் போட்டாரு."

"அந்தப் பிள்ளைகிட்ட யாராச்சும் கேட்டாகளா?"

ஹேமாவதி யோசித்துப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. "தெரியலம்மா," என்றாள். "ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு இப்ப ரயில் பெட்டிக்கு ஏ.சி. மாட்டுற எடத்துல சூப்பர்வைசரு. கீழ வழியில போனாலும் ஏறி வர அங்க ஒரு படி வச்சிருக்காங்க. இங்க அந்தப் படி இல்ல."

கதவோரத்தில் ஜஸ்டின் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மடியில் ஜிப் வைத்த ஃபைல். ஷெரின் எழுந்து போய்ப் புளிச்சோற்றில் பாதியை அவன் பக்கத்தில் வைத்தாள். கோபம் போகவில்லை. ஆனாலும் வைத்தாள்.

* * *

மூன்று நாற்பது.

பங்கிராஸ் மண்டபத்துக்குள் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, கால் விரல் இடுக்கில் தோட்டத்து மண் காய்ந்திருந்தது. கையில் ஒட்டிய கவர். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"அப்பா," என்றான் ஜஸ்டின். "அதுல நான் இருக்கேனா?"

பங்கிராஸ் தலையசைத்தார். ஜஸ்டின் மெதுவாக உட்கார்ந்துவிட்டான்.

அவர் ஷெரினிடம் வந்தார். கவரை அவள் கையில் வைத்தார்.

"ஆத்தா, இதைக் குடுத்தா உனக்கு எடம் உண்டு, அண்ணனுக்குப் போயிரும். குடுக்கலைன்னா அவனுக்கு இருக்கும். எனக்குத் தெரியலம்மா. நீ படிச்ச பிள்ளை. நீயே முடிவு பண்ணிக்க."

ஷெரின் கவரைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அன்னைக்கு என்னையக் கேட்டீகளாப்பா?"

"ஆத்தா..."

"எனக்கு என்ன புடிக்கும்னு அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே ஐ.டி.ஐ.ன்னு சொல்லியிருப்பேன். சந்தோசமாப் போயிருப்பேன். எனக்கு மிஷினுதான் புடிக்கும். நீங்க கேக்கல. அனுப்பிட்டு வெக்கப்பட்டீக. நான் என்னமோ களவாண்டவ மாதிரி மறைச்சு வச்சீக. கேக்க வேண்டிய அன்னைக்குக் கேக்காம, அண்ணன் வயித்துல அடிக்கிற வேலைக்கு மட்டும் 'நீயே முடிவு பண்ணு'ன்னு என் கையில குடுக்குறீகளே, இது நியாயமாப்பா?"

மண்டபத்தில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஷெரின் கவலைப்படவில்லை. கவரை அப்பாவின் கையில் திருப்பி வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டாள்.

"நீங்கதான் எழுத வச்சீக. குடுக்கிறதும் குடுக்காததும் நீங்களே செய்ங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

மூன்று ஐம்பது.

மேடைக்கு ஆறு படிகள். கல்யாணக் கம்பளம் இன்னும் எடுக்கப்படவில்லை. பங்கிராஸ் ஒவ்வொன்றாக ஏறினார். இரண்டு தடவை திரும்பி மகனைப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்கத் தைரியமில்லை. மேசைக்கு முன்னால் நின்று கவரை நீட்டினார்.

"நான் ஷெரினோட தகப்பன்ம்மா. எம் மக ஐ.டி.ஐ.தான் படிச்சிருக்கா. நானூத்தி அறுபத்திரெண்டு மார்க்கு வாங்குனா, நான்தான் மேல படிக்க வைக்கல. ஊருக்குப் பயந்து பொய் சொன்னது நான். அவ எதையும் மறைக்கல."

ஒலிபெருக்கி இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

ஹேமாவதி கவரைப் பிரித்தாள். சீலைப் பார்த்தாள், திருத்தத்தைப் பார்த்தாள், தலையசைத்தாள். பிறகு அவள் விரல் ஒரு வரி மேலே நகர்ந்து நின்றது. தேறியவர்கள் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஜஸ்டின், தகப்பனார் பங்கிராஸ், ராயப்பன்பட்டி. டோக்கன் ஒன்பது. இவரு உங்களுக்கு..?"

"எம் மகன்ம்மா," என்றார் பங்கிராஸ். "பி.ஈ. படிச்சவன்."

அந்த இரண்டு எழுத்துகளை இதுவரை அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்! கல்யாண வீட்டில், கசாப்புக் கடையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். இன்றைக்குச் சொல்லும்போது வாய் கசந்தது.

ஹேமாவதி பேனாவை எடுத்து ஒரு பெயரின்மேல் கோடு போட்டாள். "டோக்கன் முப்பத்தொண்ணு, கருவிப் பெட்டியோட உள்ள போங்க. நேரம் இருபது நிமிசம். அதுவரைக்கும் லிஸ்ட்டை நான் நிறுத்தி வைக்கிறேன்."

ஷெரின் திரும்பினாள். கதவோரத்து நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலிமேல் அந்த ஜிப் ஃபைல், பக்கத்தில் தொடாத புளிச்சோறு. வாசலில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அது யார் வண்டி என்று அவள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. அதன் உடைந்த சைலன்சரைப் போன மாதம் பற்றவைத்து ஒட்டியவளே அவள்தான்.

அவள் கால்கள் வாசல் பக்கம் இரண்டு அடி போய்விட்டன.

"இப்ப வெளிய போனா பேரை எடுத்துருவோம்மா," என்றாள் ஹேமாவதி. மிரட்டலாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருந்தது.

ஷெரின் நின்றாள். அப்பா படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அப்பா, அவன் பின்னாடி போங்க."

"நானா? அவன் எம் மூஞ்சியில முழிப்பானாத்தா?"

"முழிக்கலைன்னாலும் போங்க. நான் எப்படியும் பொழச்சுக்குவேன்னு சொல்லுவீகள்ல? 'நீயும் பொழச்சுக்குவ'ன்னு ஒரு நாளாச்சும் அவன்கிட்டச் சொல்லியிருக்கீகளா? போங்கப்பா."

சொல்லிவிட்டுக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனாள். கண் நிறைந்திருந்தது. கை மட்டும் நடுங்கவில்லை. அந்தக் கைக்கு வேலை என்றால் என்ன என்று தெரியும்.

பங்கிராஸ் ஃபைலை அள்ளி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சாலையில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. நீலச் சட்டை எங்கும் இல்லை. பிள்ளைகள் இருவரும் எந்த வழியில் போகவேண்டும் என்று தீர்மானித்தவர், மகன் எந்தப் பக்கம் போயிருப்பான் என்று தெரியாமல் டீக்கடைக்காரரைக் கேட்டார்.

"நீலச் சட்டையா? ஊர்ப் பக்கம் போகலண்ணே. வைகை அணைக்குப் போக ஆண்டிபட்டி ரோட்டுக்கு எது குறுக்கு வழின்னு கேட்டுச்சு தம்பி. இந்நேரத்துல அங்க எதுக்குப் போகுதுன்னு நானும் நெனச்சேன்."

பங்கிராஸ் ஃபைலை மார்போடு சேர்த்துக்கொண்டார். கடைக்காரருடைய போனை வாங்கினார். மகனின் எண்ணை மறக்கவில்லை, விரல்தான் மூன்று தடவை தப்பியது. நான்காவது தடவை சரியாக அழுத்தினார்.

அவர் மார்போடு அணைத்திருந்த ஃபைலுக்குள்ளிருந்து மணி அடித்தது.